அமுதூரின் இரண்டாவது பாலம்

ஜூலை 3

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு, அமுதூரின் வாரச்சந்தை வியாழக்கிழமை கூடும் என்று முடிவு செய்தேன். முடிவெடுத்த கையோடு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். வெளியே யாருக்கும் எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

அமுதூர் என்று ஓர் ஊர் கிடையாது. எங்கள் வட்டாட்சியர் அலுவலகம் அக்டோபருக்குள் வெள்ள ஒத்திகை நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும். உண்மையான ஊர்ப் பெயரைப் போட்டால் மக்கள் பீதியடைவார்கள், ஆகவே கற்பனை ஊர் ஒன்றை அமைத்துக்கொள்ளவும் என்பது மேலிடத்து உத்தரவு. அலுவலகத்தில் கற்பனை உள்ள ஒரே ஆள் நான் என்று துணை வட்டாட்சியர் கிருபாகரன் கண்டுபிடித்தார். 'நெட்டாற்றுவேந்தன்' என்ற பெயரில் மூன்று சரித்திரத் தொடர்கள் எழுதியிருக்கிறேன். அதை இருபது வருடமாக ஒரு குற்றமாகவே பார்த்த அலுவலகம், முதல் முறையாகத் தகுதியாகப் பார்க்கிறது.

"ரெண்டு பக்கம் போதும் எழுத்தாளரே. ஊரு, ஆறு, வெள்ளம், மீட்பு. முடிஞ்சுது" என்றார் கிருபாகரன்.

இரண்டு பக்கத்தில் ஊர் நிற்காது. சந்தை வியாழன் என்றால் புதன் மாலையே காய்கறி லாரிகள் வந்துவிடும். வந்தால் ஆற்றங்கரைச் சாலை அடைபடும். அடைபட்டால் வியாழன் காலை மீட்பு வண்டி எந்த வழியாகப் போகும்? இதையெல்லாம் யோசிக்காமல் ஊரைப் படைப்பது பொறுப்பின்மை.

ஜூலை 5

என் இரண்டாவது தொடரில் பதினோரு நாள் இடைவெளியில் இரண்டு பௌர்ணமி வந்துவிட்டது. உடுமலையிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார்: 'மன்னரின் நாட்டில் நிலவு மாதம் எத்தனை முறை உதிக்கும் என்று தெரிவிக்கவும்.' பதினெட்டு வருடமாக அந்த அட்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அமுதூரில் அப்படி எதுவும் நடக்காது.

ஜூலை 11

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓட வேண்டும். அதற்கு மேடு பள்ளம் வேண்டும். நில அளவர் ஜேசுமணியிடம் கேட்டேன்.

"இல்லாத ஊருக்கு மட்டம் எடுக்கச் சொல்றீயளா வேந்தே? நான் எங்க போய்க் குச்சி நட?"

கடைசியில் எங்கள் சொந்த ஊரான வாகைக்கரையின் மட்ட அளவுகளையே கொடுத்தார். அப்படியே அமுதூருக்குப் போட்டுக்கொண்டேன். ஆகவே அமுதூரிலும் ஆற்றுக்குத் தெற்கே கடைவீதி, கோயில், அலுவலகங்கள். வடக்கே ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பள்ளத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வாகைக்கரையில் அதற்குத் தோப்புத் தெரு என்று பெயர். அமுதூரில் தாழைத் தெரு. இரண்டுக்கும் வெளியே வர ஒரே வழி, கிழக்கே ஒரு பழைய பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம்.

உண்மையான மண்ணின் மேல் நிற்கும் பொய்க்குத் தனி உறுதி உண்டு.

ஜூலை 19

எங்கள் தட்டச்சர் செண்பகவல்லிதான் என் முதல் வாசகர். அவர் வீடு தோப்புத் தெருவில், வாய்க்காலை ஒட்டி. கணவர் பொன்னுரங்கன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார்.

இன்று ஒன்பதாம் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"சார், தாழைத் தெருவுல நடக்க முடியாதவங்க யாரும் இல்லையா?"

இல்லைதான். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் ஒருவர் கூடப் படுக்கையில் இல்லை என்பது நம்பும்படியாக இல்லை. நல்ல வாசகர். 'மாரியப்பன், வயது 44, தூக்கிச் செல்ல நால்வர் தேவை' என்று சேர்த்தேன்.

"நாலு பேருன்னா கட்டிலோட சேத்துத்தான் சார்" என்றார். அதையும் சேர்த்தேன்.

ஜூலை 30

வெள்ளத்தை விட்டுப் பார்த்தேன். தாளில்தான்.

அணை திறந்து இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் கிழக்குப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறுகிறது. ஆறு பேருந்துகள். ஒன்று போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்தது போகலாம். எல்லோரையும் வெளியேற்ற ஐந்து மணி நேரம் ஆகிறது. நடக்க முடிந்தவர்கள் நடந்தே போனாலும், எத்தனை முறை கூட்டினாலும் அறுபத்தொரு பேர் மிஞ்சுகிறார்கள். மாரியப்பன் அதில் ஒருவர். வியாழக்கிழமை என்றால் எழுபது.

ஒரு படைப்பாளியாக எனக்குத் திருப்தி. எதுவும் வலிந்து செய்யவில்லை, தானாக நடந்தது.

ஆகஸ்ட் 2

கிருபாகரன் படித்தார். அதாவது கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"என்னய்யா இது, அறுபத்தோரு சாவு?"

"தண்ணி சீக்கிரம் வந்துடுது சார்."

"ஒத்திகையில எவனாவது சாவானா? சாவு இருந்தா மேல விளக்கம் கேப்பாங்க. யார் பொறுப்புன்னு கேப்பாங்க. இல்லாத ஊருல செத்ததுக்கு நான் எங்க போய் பதில் சொல்ல?"

"அணை உயரமும் ஊர் மட்டமும் அப்படி இருக்கு சார்."

"மாத்துங்க. உங்க ஊருதானே. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள எல்லாரும் வெளிய இருக்கணும்."

சமோசா வந்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3

தாழைத் தெருவை நான்கு அடி உயர்த்திப் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீர் மேட்டில் ஏற வேண்டியதாகிறது. ஆற்றை மெதுவாக்கினேன். உடுமலைக்காரர் கண் முன்னால் வந்தார்.

ஆகஸ்ட் 6

பாலம்.

மேற்கே இன்னொரு பாலம் இருந்தால் பேருந்துகள் அந்த வழியாக உள்ளே நுழைந்து கிழக்கு வழியாக வெளியேறலாம். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மணி பத்து நிமிடத்தில் தெரு காலி. எச்சரிக்கை வந்த முப்பத்தைந்தாம் நிமிடத்தில் முதல் பேருந்து தாழைத் தெரு முனையில் நிற்கும்.

வெறுமனே ஒரு பாலத்தை வைத்துவிட்டுப் போகிற ஆள் நானில்லை. 1962-இல் கட்டியது. ஏழு கண். திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் பாதி அழிந்துவிட்டது. மூன்றாவது கண்ணின் கைப்பிடிச் சுவர் கரும்பு டிராக்டர் இடித்து உடைந்தது, இன்னும் சரி செய்யவில்லை. தென்கரையில் பாலத்தின் தலைப்பில் ஒரு டீக்கடை. பெயர் மேலப்பாலம்.

கைப்பிடிச் சுவரைச் சரி செய்யாமல் விட்டதுதான் முக்கியம். அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 9

ஜேசுமணி படித்தார்.

"பாலம் ரொம்ப நல்லாருக்கு வேந்தே. நானே ரெண்டு தடவ அதுமேல போயிட்டு வந்த மாதிரி இருக்கு."

"நன்றி."

"ஆனா மட்டம் நம்ம ஊரு மட்டம். பாலத்த எடுத்துட்டா அந்த அறுபத்தோரு பேரு நம்ம ஆளுவ. அத மேல எழுதிப் போடுங்க. மழ என்ன, உங்க தொடரப் படிச்சுட்டா வரும்?"

இலக்கியத்தையும் நிர்வாகத்தையும் குழப்பிக்கொள்கிறார் என்றேன். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21

ஒத்திகை நடந்தது. நூலகத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் சுண்ணாம்பால் ஆறு போட்டோம். மேலப்பாலம் இரண்டு பெஞ்சு. பள்ளிப் பிள்ளைகள் மக்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம். யாரும் சாகவில்லை. மாரியப்பனாக நடித்த தலையாரி தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 28

ஜேசுமணிக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல். பிரிவுபசாரத்தில் எனக்கு ஒரு மட்டப்பலகை பரிசளித்தார். பரிசளிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

செப்டம்பர் 24

காலை பதினொன்றுக்குத் தொலைபேசி. வாகைக்கரையின் உண்மையான வெள்ள மீட்புத் திட்டம் மாலை ஐந்துக்குள் போக வேண்டும். ஜூனில் கேட்டிருக்கிறார்கள். கடிதம் ஜமாபந்திக் கணக்குக் கட்டுக்குள் இருந்தது.

"பயப்படாதீங்க. அமுதூர் இருக்குல்ல? பேர மாத்துங்க" என்றார் கிருபாகரன்.

செண்பகவல்லி இன்று விடுப்பு. நானே உட்கார்ந்தேன். அமுதூர் வாகைக்கரை ஆனது, தாழைத் தெரு தோப்புத் தெரு ஆனது. மாரியப்பனை எடுத்துவிட்டேன். மேலப்பாலத்தில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லாததால், அதை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

நான்கு மணிக்குப் பாலத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மணி நேரம், அறுபத்தொன்று.

நாலு நாற்பதுக்குத் திரும்ப வைத்தேன். அனுப்பியாகிவிட்டது. பிறகு திருத்திக்கொள்ளலாம்.

செப்டம்பர் 27

மின்விசிறி பழுது. எலக்ட்ரீஷியன் வரவில்லை.

அக்டோபர் 4

எங்கள் திட்டம் மாவட்டத்திலேயே சிறந்தது என்று கடிதம் வந்திருக்கிறது. 'உள்ளூர் விவரங்கள் நுணுக்கமாகத் தரப்பட்டுள்ளன. குறிப்பாக, பழுதடைந்த கைப்பிடிச் சுவர் நேர்மையாகச் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது.' கைப்பிடிச் சுவரை உடனே சரி செய்யும்படி சம்பந்தப்பட்ட பிரிவுக்கு நகல்.

கிருபாகரன் கையைக் குலுக்கினார். எனக்குச் சான்றிதழ். இருபது வருடத்தில் இலக்கியம் தராதது.

அக்டோபர் 8

திருத்தம் செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்தேன்.

"என்ன திருத்தம்?" என்றார் கிருபாகரன்.

"பின்னிணைப்பு நாலுல ஒரு சின்ன விவரம் சார்."

"சின்னதுன்னா அடுத்த வருஷத் திருத்தத்துல சேத்துக்கலாம். பாராட்டி எழுதினதுக்கு அப்புறம் தப்புன்னு நாமளே சொன்னா அசிங்கம்ல?"

குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சின்னது என்று சொன்னது நான்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

சைக்கிளில் மேலைச் சாலை வழியாகப் போய்ப் பார்த்தேன். மீட்பு வழித்தடங்களில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பது திட்டத்தின் ஏழாம் அத்தியாயம். வைத்துவிட்டார்கள். பச்சை நிறத்தில், வெள்ளை எழுத்தில், 'மேலப்பாலம் 1 கி.மீ.' அம்புக்குறியும் உண்டு. எழுத்து நன்றாக இருந்தது.

அங்கிருந்து சரியாக ஒரு கிலோமீட்டரில் சாலை முடிகிறது. கரை குறுகல். சைக்கிளைத் திருப்பலாம், பேருந்து திரும்ப இடமில்லை. அமுதூரில் திரும்ப வேண்டிய அவசியம் கிடையாது, நேரே போய்விடும். எருமைகள் கிடந்தன. எதிர்க்கரையில் தோப்புத் தெருவின் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன.

சாலை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை, புதிது.

"இங்க எப்ப கடை போட்டீங்க?" என்றேன்.

"போர்டு வச்சதும் போட்டாச்சு சார். பாலம் வருதுல்ல. நாளைக்குக் கூட்டம் நிக்கும்போது இடம் புடிக்க முடியுமா?"

டீ குடித்தேன். சர்க்கரை அதிகம். கடையை எந்தப் பக்கம் வைக்க வேண்டுமோ அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

அக்டோபர் 22

மழை ஆரம்பம்.

அக்டோபர் 29

மழை. பதிவறையில் ஒழுகுகிறது. 1970-க்கு முந்தைய கட்டுகளை மேல் அடுக்குக்கு மாற்றினோம். அணை முக்கால் பங்கு நிறைந்துவிட்டது.

நவம்பர் 4

திட்டப்படி ஆறு பேருந்துகள் வெளியூர்ப் பணிமனையிலிருந்து வந்து தென்கரை மைதானத்தில் நிற்கின்றன. ஓட்டுநர்களும் வெளியூர்க்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் என் வழித்தட வரைபடம், பிளாஸ்டிக் உறையில். உள்ளூர் ஓட்டுநர்கள் வழக்கமான தடங்களைக் கவனிக்க வேண்டும், அவர்களைத் தொடக் கூடாது என்று எழுதியதும் நான்தான். ஜூலையில் அது நல்ல யோசனையாக இருந்தது.

நவம்பர் 7

செண்பகவல்லி மதியம் என் மேசைக்கு வந்தார். கையில் தோப்புத் தெருவுக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரம்.

"சார், எங்கண்ணன் வீடு தெக்க, மேட்டுல இருக்கு. ஒரு மாசம் இவர அங்க கொண்டுபோய் வச்சுக்கலாம்னு பாத்தேன். அண்ணிக்குத்தான் மூஞ்சி சரியில்ல. இதுல முப்பத்தஞ்சு நிமிஷத்துல வாசலுக்கே பஸ் வரும்னு போட்டிருக்கு. அப்போ இவர இப்பவே தூக்கணுமா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்று கேட்டார்.

"மேலப்பாலம்னு போட்டிருக்கே. எங்க தெருவுலயே எல்லாரும் கேக்குறாங்க. அது அமுதூருல இருந்ததுதானே சார்? நான்தானே அடிச்சேன்?"

"இங்கேயும் முன்மொழியப்பட்டிருக்கிறது" என்றேன். முழுப் பொய் இல்லை. முன்மொழிந்தவன் நான்.

"அப்போ தற்காலிகமா ஏதும் போடுவாங்களா?"

"கணக்கு சரியாக இருக்கிறதம்மா" என்றேன்.

கணக்கு சரிதான். பலமுறை சரிபார்த்தது.

"நீங்க எழுதினா சரியாத்தான் சார் இருக்கும். நெலா விஷயத்துக்கே அவ்வளவு யோசிப்பீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லியது என் காதில் விழுந்தது.

அவர் போன பிறகு பழைய குறிப்பை எடுத்தேன். 'சிறு' என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் தேடினேன். ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

நவம்பர் 8

கிருபாகரனுக்கு மாவட்டத் தலைநகரில் கூட்டம். திட்டத்தைப் பற்றி மற்ற வட்டங்களுக்கு விளக்குகிறார்.

நவம்பர் 11

குறிப்பை முழுமையாக எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். முதல் வரி: 'மேலப்பாலம் என்று ஒன்று இல்லை.' இதைவிட எளிய வாக்கியம் நான் எழுதியதில்லை. தபாலில் சேர்க்கச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12

மழை விட்டது. வெயில். துணிகள் காய்ந்தன. ஒருவேளை அவசியப்படாது.

நவம்பர் 14

மறுபடியும் மழை. குறிப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

நவம்பர் 16

அணை நிரம்ப இரண்டடி. எல்லோரும் காலை ஐந்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்கு வர உத்தரவு. தோப்புத் தெருவில் வீடு என்பதால் செண்பகவல்லிக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 17

6.10. அணை திறப்பு எச்சரிக்கை. சங்கு ஒலித்தது.

6.18. ஆறு பேருந்துகளும் மேலைச் சாலையில் புறப்பட்டன. இரண்டு நிமிடம் முன்னதாக.

6.20. கிருபாகரனிடம் சொன்னேன். அவர் ஒலிபெருக்கிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சார், பாலம் இல்ல."

"எந்தப் பாலம்?"

"மேலப்பாலம். அப்படி ஒண்ணு கிடையாது. நானா எழுதினது."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தூக்கமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல.

"நீங்க எழுதினதாலதான்யா நம்பிக்கையா சொல்றேன், இருக்கு. போர்டே பாத்திருக்கேன். போன வாரம்தான் கைப்பிடிச் சுவருக்கு ரிப்போர்ட் வந்துச்சு, வேலை முடிஞ்சுதுன்னு. போய் டீ குடிச்சுட்டு வாங்க."

அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். வேலை முடிந்ததற்குக் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. நானே ஒரு கணம் யோசித்தேன்.

6.35. ஓட்டுநர்களுக்குப் போன் செய்தேன். கரைப் பக்கம் சிக்னல் இல்லை. பைக்கில் ஓர் ஆளை அனுப்பினேன்.

7.05. பைக்கில் போனவர் திரும்பி வந்தார். முதல் பேருந்து சாலை முடிகிற இடத்தில் நிற்கிறது, மற்றவை அதன் பின்னால். கடைசிப் பேருந்து பின்னுக்கு வரப் பார்த்து, பின்சக்கரம் கரை மண்ணில் இறங்கிவிட்டது. இப்போது எதுவும் நகராது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுக்கிறாராம்.

7.10. வேறு பேருந்து கேட்டோம். உள்ளூர்ப் பேருந்துகள் 5.30-க்கே தடத்தில் போய்விட்டன. திட்டப்படி.

7.25. செண்பகவல்லி போன் செய்தார்.

"சார், இவரக் கட்டிலோட தெரு முனைக்குக் கொண்டாந்துட்டோம். பக்கத்து வீட்டு ஆளுங்க நாலு பேரு தூக்கினாங்க. தெருவே இங்கதான் நிக்குது. பஸ்ஸு மேலப்பாலத்துப் பக்கமாத்தானே வரும்? அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கோம்."

எல்லோரையும் உடனே கிழக்குப் பாலத்துக்கு நடக்கச் சொன்னேன்.

"ஏன் சார்? நம்ம பஸ்ஸு?"

சொன்னேன்.

"கெழக்குப் பாலம் ஒரு மைலு சார். தெருவுல இப்பவே முழங்கால் தண்ணி" என்றார். பிறகு, "சரி சார். நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். தூக்கினவங்களுக்கும் புள்ளைங்க இருக்குல்ல. அவங்க மொதல்ல போகட்டும்" என்றார்.

7.50. தோப்புத் தெரு ஆட்கள் கிழக்குப் பாலத்தில் நடந்து வரத் தொடங்கினர். நூறு, நூற்றைம்பது. பிள்ளைகளைத் தோளில் வைத்திருக்கிறார்கள்.

8.15. செண்பகவல்லிக்குப் போன் செய்தேன். எடுத்தார். "இங்கதான் சார் இருக்கேன், இவருகூட" என்றார்.

8.30. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

8.50. கிழக்குப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியது. ஜூலை 30-ஆம் தேதிக் கணக்கில் ஒரு நிமிடமும் பிசகில்லை. ஆறு பேருந்துகளும் மேலைச் சாலையில், அறிவிப்புப் பலகையைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில், வரிசையாக நிற்கின்றன.